வழக்கு நடக்கட்டும், தர்மமும் நடக்கட்டும்

தமிழ்நாட்டில் குடும்பத்தார் பரம்பரையாக நிர்வகித்துவரும் அறக்கட்டளைகள் பல இன்று ஒரு கையெழுத்துக்காகத் தவித்து நிற்கின்றன. பாட்டனார் எழுதிவைத்த சாசனம் பெட்டியில் இருக்கிறது. நிலமும் மனையும் பாங்குக் கணக்கும் இருக்கின்றன. அந்தத் தர்மத்தின் பேரால் கையெழுத்திடும் அதிகாரம் பேரன்மாரில் எவருக்கு என்பது மட்டும் தீர்ந்தபாடில்லை.

இந்தத் தகராறு புதியதன்று. நேற்றுவரை அது கூடத்துப் பேச்சிலும் முன்சீப் கோர்ட்டு வாய்தாக்களிலும் அடங்கிக் கிடந்தது. இன்று அப்படி அடங்கிக் கிடக்க இடமில்லாமற் போயிற்று. தர்ம ஸ்தாபனங்கள் வருமான வரி விலக்குக்காக ஒரு முறை பெற்ற பதிவு என்றென்றும் செல்லும் என்றிருந்த நிலை மாறி, 2021 ஏப்ரல் முதல் அதனைப் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒரு தடவை புதுப்பித்தாக வேண்டும் என்ற விதி வந்தது. அந்த முதற்சுற்றில் பெற்ற பதிவுகளின் ஆயுள் 2026 மார்ச் 31-உடன் நிறைவுறுவது. ஆண்டு வருமானம் 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத சிறு ஸ்தாபனங்களுக்கு இனிப் பத்தாண்டுப் பதிவு உண்டு என்பது ஆறுதலான செய்தியே.

ஐந்தாண்டோ பத்தாண்டோ, தர்மகர்த்தாக்கள் யார் யார் என்று விண்ணப்பத்தில் எழுதிக் கையொப்பமிட ஒருவர் வேண்டும். அண்ணன் கையொப்பமிட்டால் தம்பி ஆட்சேப மனுப் போடுகிறார். இருவரும் சேர்ந்து இட்டால் காலஞ்சென்ற பெரியப்பாவின் மகள், தன்னைக் கேளாமல் எப்படிச் செய்யலாம் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார். நோட்டீஸின் நகலொன்று பாங்குக்குப் போய்ச் சேர்ந்த மாத்திரத்தில், மேலாளர் தம் பாதுகாப்பைக் கருதிக் கணக்கை முடக்கிவிடுகிறார்.

காலக்கெடுவுக்குள் புதுப்பிக்காமல் விட்டாலோ, வரிவிலக்குப் போவதோடு காரியம் முடிந்துவிடாது. ஸ்தாபனத்தின் சொத்துக்களின் சந்தை மதிப்பில் கடன் போக மிஞ்சியதன்மேல் உச்ச விகிதத்தில் வரி விதிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. நூறாண்டுக்கு முன் சொற்ப விலைக்கு வாங்கிய மனை இன்று கடைத்தெருவின் நடுவே இருக்குமானால், அந்த வரியைக் கட்டுவதற்கு அந்த மனையையே விற்க வேண்டிய நிலை உண்டாகும். பங்காளிகளின் பிணக்கினால் ஒரு தர்மம் தன் சொத்தை இழப்பதற்கு இதைவிடக் குறுகிய வழி வேறில்லை.

எது குடும்பத்துக்கு உரியது?

இந்த வழக்குகளின் வேரிலே கிடக்கும் மயக்கம் ஒன்று உண்டு. தாத்தா சம்பாதித்த சொத்து, தாத்தா எழுதிய தர்மம், தாத்தாவின் பேரால் நடக்கும் அன்னதானம் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள், அச்சொத்து தங்களுடையது என்றும், தர்மம் செய்வது தங்கள் தயை என்றும் எண்ணத் தலைப்படுகிறார்கள். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. ஒரு சொத்தை முழுமையும் தர்மத்துக்கென்று எழுதிவைத்துவிட்டால், அந்தக் கணத்திலேயே அது குடும்பச் சொத்தாக இருப்பது நின்றுவிடுகிறது. சந்ததியாருக்கு மிஞ்சுவது அதைப் பரிபாலிக்கும் பொறுப்பு மாத்திரமே.

சாசனம் அவ்வளவு தெளிவாக இராதபோதுதான் சங்கடம். “மேற்படி நிலத்தின் வரும்படியில் இன்ன தர்மத்தைச் செய்துவிட்டு, மிச்சத்தை வம்ச பரம்பரையாய் அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்ற தோரணையில் எழுதிய உயில்கள் நம் பக்கத்தில் ஏராளம். அதிலே நிலம் குடும்பத்துக்குரியதா, செலவைத் தாங்கும் கடமை மட்டும் அதன்மேல் ஏறியிருக்கிறதா, அல்லது நிலமே தர்மத்துக்குப் போய்விட்டதா என்பதைச் சாசனம் முழுவதையும் வாசித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். உயில் எழுதியபோது மிச்சம் என்பது பத்து மூட்டை நெல்லாக இருந்திருக்கும். அந்த நிலம் புறவழிச் சாலையை ஒட்டி வந்துவிட்ட பிறகு, அதே சொல்லுக்குள் கோடிக்கணக்கான ரூபாய் அடங்கிவிடுகிறது. சண்டையின் உக்கிரம் இந்த மிச்சத்தின் அளவைப் பொறுத்தே ஏறுகிறது என்பது எந்தச் சிவில் வக்கீலுக்கும் தெரிந்த உண்மை.

தர்மகர்த்தா பதவி பிதிரார்ஜிதமாக இறங்குமா என்றால், இறங்கும். 1951-இல் கல்கத்தாக் குடும்பமொன்றின் வழக்கிலே, தேவஸ்தான நிர்வாக உரிமையில் கடமையும் சொத்தின் தன்மையும் பிரிக்க இயலாதபடி கலந்திருக்கின்றன என்றும், அதனால் இறந்துபோன நிர்வாகியின் விதவைக்கும் அதில் பாத்தியதை உண்டென்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாசனம் வேறுவிதமாகச் சொல்லாதவரையில் பெண்மக்களை ஒதுக்கிவைக்க நியாயமில்லை. தமிழ்நாடு 1989-லேயே பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம பாத்தியதை வழங்கியிருந்தும், தர்மகர்த்தா பட்டியல் என்று வரும்போது மட்டும் ‘ஆண் வாரிசுகள்’ என்று எழுதி நீட்டுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை; இன்றைய வழக்குகளில் கணிசமானவை இந்த ஒரு வரியிலிருந்து முளைப்பவை.

எங்கே போய் முறையிடுவது என்பதிலும் ஜனங்களுக்குக் குழப்பம் உண்டு. குடும்பத்தாரின் நன்மைக்காகவே ஏற்பட்ட தனியார் டிரஸ்டுகளுக்கு 1882-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன் 34-ஆம் பிரிவின்படி, சந்தேகமுள்ள விஷயத்தில் தர்மகர்த்தாவே கோர்ட்டை அணுகி யோசனை கேட்கலாம். ஆலயக் கட்டளையாக இருந்தால் 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்கீழ் இணை ஆணையரிடம் போக வேண்டும். பரம்பரை தர்மகர்த்தா யார் என்பது முதல் பரிவட்டமும் முதல் மரியாதையும் யாருக்கு என்பது வரையில் அங்கேதான் தீர்க்க வேண்டும். வக்புகளுக்குத் தனி வாரியமும் தீர்ப்பாயமும் உள்ளன. பள்ளிக்கூடம், மருத்துவசாலை, மாணவர் விடுதி போன்ற ஏனைய பொது தர்மங்களுக்குச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு இருக்கிறது. அந்தத் தர்மத்தில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, கோர்ட்டின் அனுமதி பெற்று, தர்மகர்த்தாவை நீக்கவும் கணக்குக் கேட்கவும் ஸ்கீம் என்னும் நிர்வாகத் திட்டம் வகுக்கவும் வழக்கிடலாம்.

பச்சையப்பர் உயிலும் நாற்பத்தெட்டு ஆண்டும்

நம்மவர் நன்கறிந்த ஓர் உதாரணத்தை இங்கே சற்று விரிவாகவே நினைவுகூர வேண்டும். காஞ்சிபுரத்துப் பச்சையப்ப முதலியார், ஆங்கிலேய வர்த்தகர்களுக்குத் துபாஷியாக இருந்து பெரும்பொருள் ஈட்டியவர்; கோயில் திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் அப்பொருளைச் செலவிட வேண்டுமென்று 1794 மார்ச்சில் உயில் எழுதி, அம்மாதக் கடைசியிலேயே திருவையாற்றில் காலமானார். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும்.

உயில் தெளிவானதே, பணமும் இருந்தது, செய்ய வேண்டிய காரியங்களும் ஒளிவுமறைவானவை அல்ல. அப்படியிருந்தும், மனைவியர் இருவர், உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றவர், அவருக்குப் பின்வந்தவர்கள் என்று பல கைகளில் அந்தச் செல்வம் சிக்கி, சொன்ன தர்மங்கள் நடவாமல், விவகாரம் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டிலே பல்லாண்டு கிடந்தது.

அந்தத் தர்மம் பிழைத்ததற்குக் காரணம், குடும்பத்துக்கு வெளியேயிருந்த அரசாங்க வழக்கறிஞர்கள் அதைத் தங்கள் பொறுப்பாக மேற்கொண்டமையே. கோர்ட்டின் கட்டுப்பாட்டில் வட்டியோடு திரண்ட தொகையில், உயிலில் கண்ட தர்மங்களுக்கு வேண்டியது போக மிஞ்சியதைக் கல்விக்குச் செலவிடலாம் என்று அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முதலானோர் வழிகண்டனர். 1842 ஜனவரியில் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. கணித மேதை ராமானுஜனும் அறிஞர் அண்ணாவும் பிற்காலத்தில் பயின்ற பச்சையப்பன் கல்லூரி அந்த விதையில் முளைத்ததுதான்.

இந்தச் சரித்திரத்தைச் சொல்பவர்கள் அதன் மங்களமான முடிவையே பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கோ அந்த 48 ஆண்டுகளின்மேலேயே மனம் போய் நிற்கிறது. உயில் எழுதிய ஆண்டிலே பிறந்த குழந்தை, அந்தப் பள்ளிக்கூடம் திறந்த நாளில் பேரன் எடுத்திருக்கும். அந்த இடைக்காலத்தில் உண்ணாமற்போன ஏழைகளுக்கும், நடவாமற்போன பூசைகளுக்கும் எந்தத் தீர்ப்பும் ஈடு செய்யவில்லை. பச்சையப்பருக்காவது பொருள் பெரிதாயிருந்ததால் அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. இரண்டு வேலி நிலத்தோடு ஒரு தண்ணீர்ப் பந்தலும் ஒரு தேவாரப் பாடசாலையும் வைத்துப்போன எளிய மனிதரின் சாசனத்தை எந்த அட்வகேட் ஜெனரல் தேடி வருவார்?

முறை வைத்து நடத்துவதன் கேடு

பிணக்கு முற்றாமலிருக்க நம் பெரியோர் கண்ட உபாயம், ‘முறை’ வைத்துக்கொள்வது: இந்த ஆண்டு மூத்தவர், அடுத்த ஆண்டு நடுவிலவர், அதற்கடுத்த ஆண்டு இளையவர். சமத்துவமாகத் தோன்றும் இந்த ஏற்பாடே தர்மத்தை உள்ளிருந்து அரிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கணக்கைப் பாருங்கள். ஸ்தாபகருக்குப் பிள்ளைகள் மூவர், ஒவ்வொருவருக்கும் மும்மூவர் என்று வைத்தால் பேரர் ஒன்பதுபேர், கொள்ளுப்பேரர் இருபத்தேழுபேர். அந்தத் தலைமுறையில் ஒருவருக்கு முறை வந்து போனால், மீண்டும் வர 27 ஆண்டுகள் ஆகும். ஓராண்டு கைக்கு வந்து, பிறகு கால் நூற்றாண்டு எட்டிப் பார்க்காத பொறுப்பின்மேல் எவருக்குத்தான் பற்று உண்டாகும்? கூரையில் ஒழுகல் கண்டால், அடுத்த முறைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது மனித சுபாவம். குத்தகைக்காரர் பாக்கி வைத்தால், தம் ஆண்டுக்குள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு எஞ்சியதைத் தள்ளிக் கொடுத்துவிடுவதும் அவ்வாறே. இருபத்தேழு பேரும் நல்லவர்களாயிருந்தும் இருபத்தெட்டாம் ஆண்டில் சுவர் விழுந்துவிடலாம்.

தஞ்சை ஜில்லாவில் ரயிலடிக்குச் சமீபமாக இருக்கும் சத்திரம் ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். முகப்பிலே ஐந்து கடைகள். அவற்றில் மூன்று, முறைக்காரர்களின் மைத்துனன்மாருக்கும் மருமக்களுக்கும் வெவ்வேறு ஆண்டுகளில் விடப்பட்டவை. வாடகையைக் கேட்டால் ஒரு செருப்புச் சோடியின் விலையைச் சொல்கிறார்கள். உள்ளே போனால் தூண்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. வாயிற்புறத்துக் கல்லில், வழிப்போக்கர்களுக்கும் பரதேசிகளுக்கும் இரு வேளை அன்னமிட வேண்டிய விவரம் வெட்டியிருக்கிறது. அந்தக் கல்லின்மேல் சாத்தியபடி ஒரு மோட்டார் சைக்கிள்.

சமையற்கட்டு மட்டும் பூட்டியிருக்கிறது. தாயாதிகளின் வழக்கிலே ரிசீவராக வந்த வக்கீல், பித்தளை அண்டா இத்தனை, வெண்கல உருளி இத்தனை, அன்னம் வடிக்கும் கஞ்சித் தட்டு இத்தனை என்று ஜாபிதா எழுதி, பூட்டிச் சீல் வைத்துச் சாவியைக் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டார். சட்டத்தின் கண்ணில் பாத்திரங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஒரு கட்சியும், “பாத்திரங்களை வைத்துக்கொள்ளுங்கள், தர்மம் மட்டும் நடக்கட்டும்” என்று கோர்ட்டிலே சொல்லவில்லை. இரு தரப்பாரும் தத்தம் மனுவின் முதற்பத்தியிலே, பாட்டனாரின் தர்மம் தடையின்றி நடக்க வேண்டும் என்ற ஒரே ஆவலால் தாம் வந்திருப்பதாக எழுதியிருந்தார்கள்.

வக்காலத்து இல்லாத கட்சி

இதுவே இந்த விவகாரங்களின் நடுவிலுள்ள பெருங்குறை. வாதி குடும்பத்தவர், பிரதிவாதி குடும்பத்தவர், சாட்சிகளும் பெரும்பாலும் குடும்பத்தவர். எவருக்காகத் தர்மம் ஏற்பட்டதோ அவர், அதாவது பந்தியில் உட்கார வேண்டிய முதியவர், விடுதியில் இடம் கிடைக்க வேண்டிய மாணவன், மருந்து வாங்கவந்த தாய், அந்த அறையிலேயே இல்லை. அவருக்கு வக்காலத்துப் போட்டவர் எவருமில்லை.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி நம் தேசத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. முன்பு சொன்ன வழக்கைப் போலவே இதுவும் கல்கத்தாவில் எழுந்தது. குலதெய்வ விக்கிரகத்தை முறை வைத்து வழிபட்டுவந்த பங்காளிகளில் ஒருவர், தம் முறை வரும்போது விக்கிரகத்தைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல உரிமையுண்டென்றார். விவகாரம் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயிற்று. 1925-இல் அந்த நியாயாதிபதிகள், விக்கிரகம் இஷ்டப்படி எடுத்துப்போகத்தக்க தட்டுமுட்டுச் சாமான் அன்று என்றும், அது இருக்க வேண்டிய இடத்தைப் பற்றி அதன் சித்தத்தையே மதிக்க வேண்டும் என்றும், அந்தச் சித்தத்தை எடுத்துரைக்கப் பங்காளிகளில் எவரையும் சாராத ஒருவரைக் கோர்ட்டு நியமிக்க வேண்டும் என்றும் கூறினார்கள்.

தெய்வத்துக்கே தனிப் பிரதிநிதி வேண்டுமென்று சொன்ன அந்த நியாயம், சோற்றுக்குக் காத்திருக்கும் மனிதனுக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமற்போகும்? குடும்ப தர்மத்தைப் பற்றிய வழக்கு எதுவானாலும், அதன் பயனாளிகளின் சார்பிலே பேசுவதற்கு விருப்பு வெறுப்பற்ற வக்கீல் ஒருவரை முதல் வாய்தாவிலேயே கோர்ட்டு நியமிப்பது வழக்கமாக வேண்டும்.

இப்போது நடப்பதோ இதற்கு நேர்மாறு. வழக்குத் தாக்கலானவுடன் இரு தரப்பாரும் தடையுத்தரவு கேட்கிறார்கள். இருந்த நிலையே நீடிக்கட்டும் என்று உத்தரவாகிறது. தர்மம் நின்றுபோயிருந்த நிலையில் அந்த உத்தரவு வந்தால், நின்றுபோனதே நீடிக்கிறது. மேல் கோர்ட்டு, அதற்கும் மேல் கோர்ட்டு என்று விவகாரம் ஏறுகிறது. வக்கீல் பீஸும் தர்மத்தின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. தன்னைக் கொல்லும் ஆயுதத்தைத் தானே விலைகொடுத்து வாங்குகிறது அந்தத் தர்மம்.

சொத்துக் கைமாறிப் பல காலமாயிற்று, இனிக் கேட்டுப் பயனில்லை என்று மனந்தளர்ந்து விடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தர்மத்துக்கென ஒப்படைத்த சொத்தைத் தர்மகர்த்தாவிடமிருந்தோ, அவருடைய வாரிசுகளிடமிருந்தோ, கிரயம் கொடாமல் அதை அடைந்தவரிடமிருந்தோ மீட்பதற்கு, 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு கெடு விதிக்கவில்லை. ஐம்பதாண்டு சென்றும் கேட்கலாம்.

இனிச் செய்யத்தக்கவை

கோர்ட்டிலே வழக்குள்ள குடும்பங்கள் இன்றே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. எவர் தர்மகர்த்தா என்ற கேள்வியைத் தனியே பிரித்து வைத்துவிட்டு, தர்மத்தை நடத்துவதற்கு மட்டும் இரு தரப்பாரும் ஒரு கூட்டு மனுப் போட வேண்டும். ஒவ்வொரு தரப்பிலும் ஒருவர், இரு தரப்புக்கும் வெளியாரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ தணிக்கையாளரோ ஒருவர், ஆக மூவர் கையொப்பத்தில் ஒரு பாங்குக் கணக்கு. அதிலிருந்து அன்றாட தர்மச் செலவும் வரிப் பதிவுச் செலவும் மட்டுமே எடுக்கலாம் என்று இடைக்கால உத்தரவு பெறலாம். இந்த ஏற்பாட்டினால் எவருடைய பாத்தியதையும் குறையாது என்று உத்தரவிலேயே எழுதிக்கொண்டால், அச்சத்துக்கு இடமில்லை.

ஆலயக் கட்டளைகளில், வாரிசுத் தகராறு இருக்கும் காலத்துக்குத் தக்கார் என்னும் இடைக்கால நிர்வாகி ஒருவரை நியமிக்க 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு இடந்தருகிறது. தக்கார் வந்தால் குடும்பத்தின் மானம் போயிற்று என்று கருதிப் பலர் அதை எதிர்க்கிறார்கள். கட்டளை நின்றுபோவதைக் காட்டிலும் தக்கார் வருவதில் என்ன அவமானம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நியமனத்துக்கு ஒரு கெடு விதித்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கைக் குடும்பத்தாருக்கு அனுப்பிவைக்கச் செய்தால் போதுமானது.

தகராறு வந்தால் இன்னாரை நடுவராக வைத்துத் தீர்த்துக்கொள்வது என்று சாசனத்தில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. டிரஸ்டு சாசனத்தை ஒட்டிய தகராறுகள் அவ்வாறு தனி நடுவரால் தீர்க்கத்தக்கவை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் கூறிவிட்டது. ஆகவே, அந்த ஒரு ஷரத்தை நம்பியிருக்கலாகாது. சமரச மையத்தில் உட்கார்ந்து பேசி உடன்பாட்டுக்கு வரும் வழி வேறு. தனியார் டிரஸ்டுகளுக்கு அது நன்றாகப் பயன்படும். பொது தர்மமானால், அந்த உடன்பாடும் கோர்ட்டின் பார்வைக்கு வந்து அங்கீகாரம் பெறுவதே பத்திரம். பங்காளிகள் இணங்கிவிட்டார்கள் என்பதற்காகத் தர்மத்தின் மனையைத் தமக்குள் பங்கு போட்டுக்கொள்ள எவருக்கும் அதிகாரமில்லை.

புதிதாகச் சாசனம் எழுத நினைப்பவர்களிடம் விசேஷமாக ஒரு வேண்டுகோள். ‘வம்ச பரம்பரையாக’ என்ற இரண்டு சொற்களோடு வாரிசு விஷயத்தை முடித்துவிடாதீர்கள். தர்மகர்த்தாக்கள் ஐவருக்கு மேற்படாமல் இருக்கட்டும். அவர்களில் இருவரேனும் குடும்பத்துக்கு வெளியாராகட்டும். குடும்பத்தவரில் ஆண் பெண் என்ற பேதம் வேண்டாம். முறையைத் தவிர்த்து, மூன்றாண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். சம்பளம் உண்டா இல்லையா, உண்டானால் எவ்வளவு என்பதையும் எழுதிவிடுங்கள். இது எழுதாமல் விட்ட இடத்தில்தான் ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்பு வீங்கிக்கொண்டே போகிறது. தர்மகர்த்தாவின் உறவினருக்குக் கடையோ நிலமோ விடலாகாது. விடுவதெல்லாம் பகிரங்க ஏலத்திலேயே விட வேண்டும் என்ற ஒரு ஷரத்து, எதிர்கால வழக்குகள் பலவற்றை முளையிலேயே அழித்துவிடும்.

பழைய சாசனமுள்ளவர்கள், அதைத் திருத்த அதிலேயே அதிகாரம் கொடுத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கொடுத்திருந்தால், மூத்த தலைமுறையார் கண்ணெதிரே இருக்கும்போதே துணைச் சாசனம் எழுதிப் பதிவு செய்துவிடலாம். கொடுத்திராவிட்டால், எல்லோரும் ஒருமித்துக் கோர்ட்டுக்குப் போய் ஸ்கீம் கேட்பதே முறை. சண்டையில்லாத காலத்தில் கேட்கும் ஸ்கீம் சீக்கிரத்திலும் குறைந்த செலவிலும் கிடைக்கும். ஸ்தாபகரின் திதியன்று குடும்பம் கூடுகிற வழக்கம் அநேகமாக எங்கும் இருக்கிறது. அன்று அந்த ஆண்டின் வரவு செலவை உரக்க வாசித்து, ஒரு பிரதியைச் சத்திரத்து வாயிலிலோ பள்ளிக்கூடப் பலகையிலோ ஒட்டிவிடலாம்.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 1950 முதல் பொது தர்மங்களுக்கென்று தனிச் சட்டமும், அறக்கொடை ஆணையர் என்ற அதிகாரியும் உண்டு; தர்மகர்த்தாக்களில் மாறுதல் நேர்ந்தால் 90 நாட்களுக்குள் அவரிடம் அறிவித்துப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பாட்டிலும் தாமதமும் தகராறும் உண்டென்றாலும், இன்றைய தேதியில் இந்தத் தர்மத்துக்குப் பொறுப்பாளர் யார் என்று வினவும் பாங்குக்காரருக்கும் வரி அதிகாரிக்கும் விடை சொல்ல அங்கே ஒரு புத்தகம் இருக்கிறது. சமயச் சார்பில்லாத குடும்ப தர்மங்களுக்குத் தமிழ்நாட்டில் அப்படியொரு பொதுப் பதிவேடு கிடையாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆதிச் சாசனம் கிடைக்கும், அதற்குப் பின் யார் யார் வந்தார்கள் என்பது கிடைக்காது.

எனவே, மாவட்டந்தோறும் அத்தகைய பதிவேடு ஒன்றைத் தொடங்கலாம்; அதில் சாசனத்தின் நகல், சொத்துக்களின் சர்வே எண்கள், செய்ய வேண்டிய தர்மத்தின் விவரம், தற்போதைய தர்மகர்த்தாக்களின் பெயர்கள் ஆகிய நான்கும் இருந்தால் போதும். எவரும் சிறு கட்டணம் செலுத்தி அதைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். சர்வே எண் அந்தப் பதிவேட்டில் இருக்குமானால், உரிய அனுமதியின்றி அந்தச் சொத்தைக் கிரயம் செய்யவந்தால் சார்பதிவாளர் பத்திரத்தைத் திருப்பியனுப்பவும் முடியும். மாவட்ட நீதிமன்றங்களில் தர்ம விவகாரங்களைத் தனிப் பட்டியலாக எடுத்து, மாதத்தில் ஒரு நாளையேனும் அவற்றுக்கென ஒதுக்கி, தர்மம் நின்றுபோயிருக்கும் வழக்குகளை முதலில் விசாரிக்கும்படி உயர் நீதிமன்றம் சுற்றறிக்கை அனுப்பலாம். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை.